இடக்கை முடிச்சு

சின்ன நிலா பெரிய நிலாவுக்குப் பின்னால் போகிற நாளில் எங்கள் மலையூர் துவேரியில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் எங்கள் சாமி ஓராய் தன் பெண்டாட்டி நெவ்வாவை மலையில் விட்டுவிட்டு ஆற்றோடு இறங்கிப் போனான். அவள் அழுததை எந்த ஆணும் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். சில நாள் கழித்துச் சின்ன நிலா மறுபடி வெளியே வரும்வரை கதவு திறக்காது. வரும்போதும் எங்கள் ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. போனவன் வந்ததாகக் கதையே இல்லை, பிறகு எதைப் பார்ப்பது?

எங்கள் கோயிலில் ஓராய்க்கு முதுகு மட்டும்தான் செதுக்கியிருக்கிறது. போகிறவனைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருப்பானோ அப்படி. முகம் கிடையாது. கல்லைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் வெறும் பாறைதான் இருக்கும். சின்ன வயதில் நான் போய்ப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

ஆண்கள் உள்ளே இருக்கும்போது நாங்கள் ஆற்றங்கரையில் ஒப்பாரி வைக்கிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பாரியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முக்கியமான வேலை கயிறு விடுவது. கீழாற்றுக்குப் போய்த் திரும்பாத புருஷன் எவளுக்கு இருக்கிறானோ அவள் சிவப்புச் சாயம் ஏற்றிய மரநாரோடு தன் தலைமுடியைச் சேர்த்து முறுக்கி முடிச்சுப் போடுவாள். அதை வாழைமட்டை மிதவையில் ஒரு கிழங்கடையோடு வைத்து ஆற்றில் விடுவாள். 'வீட்டுக்கு வா' என்று அர்த்தம். நெவ்வா முதல்முதலாக விட்டதும் அதைத்தான். இது பெண்களோடு இருக்கிற விஷயம். எந்த ஆணுக்கும் சொன்னதில்லை.

நான் இடக்கைக்காரி. என் முறுக்கு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். அதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமில்லை.

"உன் கயிறு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போகுதுடி தெவினு," என்பாள் பக்கத்து வீட்டு யூமெ. "அதான் உன் ஆளு வழி தெரியாம முழிக்கிறான்."

"உன் கயிறு நேராத்தானே போச்சு? உன் ஆளு எங்க, பரண்ல ஏறி உக்காந்திருக்கானா?"

இரண்டு பேரும் சிரிப்போம். அப்புறம் அழுவோம். அவள் ஆள் போய் அதிக காலம். என் ராகோ போய் நாலு வருஷம்.

ராகோ மரத்தெப்பம் கட்டிக்கொண்டு கீழாற்றிலுள்ள சலோங் துறைக்குப் போனவன். மரத்தைக் கொடுத்துவிட்டு மழைக்கு முன்னால் திரும்பிவிடுவார்கள். திரும்பாதவனை 'ஓராய் கூட்டிக்கொண்டான்' என்போம். திரும்பியவன் ஊர் எல்லையிலிருக்கிற மூவாய் அருவியில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும். கீழே பார்த்ததைக் கீழேயே விட்டுவிட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே எவன் செத்தான், எவன் இருக்கிறான் என்று பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வழக்கம். எவன் ஏற்படுத்தினானோ அவன் கட்டாயம் ஆணாகத்தான் இருப்பான்.

போன அறுவடையில் தொம்ரே என்கிற தெப்பக்காரன் கள் ஏறிப்போய் என் வாசலில் விழுந்தான். நான் எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, உன் ஆளு சலோங் துறையில உக்காந்து படகு செதுக்கிக்கிட்டிருக்கான். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன் வரமாட்டேங்கறான்னு எனக்கே தெரியல," என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கு உறைத்தது. மிச்சக் கள்ளை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடிப்போனான்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்கும் பிறகு அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. சந்தோஷமும் கோபமும் வந்த வழியே போய்விட்டன, ஆசை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அடுப்பு ஊதும்போதும் அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பெண்கள் மூவாய் அருவியைத் தாண்டக் கூடாது. நெவ்வா தாண்டவில்லை, அதனால் நாங்களும் தாண்டுவதில்லை. ஆனால் தடுப்பதற்கு ஆண்கள் வெளியே இல்லாத நாள் வருஷத்தில் ஒன்று இருக்கிறதே. சின்ன நிலா மறைந்த அன்று எல்லோரும் மிதவை விட்டுக்கொண்டிருந்தபோது நான் மூட்டையோடு வந்து நின்றேன்.

"கயிறு எங்கடி?" என்றாள் யூமெ.

"நானே போறேன். கயிறு எதுக்கு?"

அவள் என் மூட்டையைப் பார்த்தாள். "நெவ்வாவே போகல. நீ யாருடி?"

"அவ சாமி. காத்திருந்தா கோயில் கட்டுவாங்க. நான் காத்திருந்தா கிழவிதான் ஆவேன்."

யூமெ தன் கயிற்றோடு வைத்திருந்த அடையில் பாதியைப் பிய்த்து என் மூட்டையில் வைத்தாள். "என் ஆளு இருந்தா பாத்துட்டு வா," என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலை அவளிடம் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அருவிப் பாதை வழுக்கிற பாதை. அதை இறங்கி, மிளகு ஏற்றிப்போகிற படகில் இடம் பிடித்து, சேறும் கொசுவுமாகச் சலோங் போய்ச் சேர்ந்தேன். சின்ன நிலா வெளியே வருகிற நாளும் அதுவாகத்தான் இருந்தது. கதவுகள் சாத்தியிருக்கும், துறை வெறிச்சோடியிருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அங்கே மேளம். எல்லோரும் புதுத்துணி. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இழவு வீடு, இங்கே கல்யாண வீடு.

துறையை ஒட்டியே கோயில். உள்ளே எட்டிப் பார்த்தேன். மாலை போட்டு, வாயில் தேங்காயும் வெல்லமும் அப்பி, கொழுகொழுவென்று ஒருவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது யாரு?" என்றேன், பக்கத்தில் திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம்.

"எந்த ஊரும்மா நீ? ஓராயைத் தெரியாதா? மலையிலேருந்து நம்மளைத் தேடி வந்த விருந்தாளிச் சாமி. இன்னிக்குத்தான் வந்து சேர்ந்தாரு."

அவள் பெயர் மாதிக்கா. அந்தக் கோயிலின் பூசாரி அவள்தான். நான் ஓராயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஊரில் எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்த முகத்தைப் பார்க்க ஏங்கிச் செத்திருப்பார்கள். இவன் இங்கே வெல்லம் தின்றுகொண்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் வந்தது.

வாசலில் இன்னொரு சிலை இருந்தது. தலைவிரிகோலமாக ஒருத்தி, பல்லை இளித்துக்கொண்டு, பல்லுக்கிடையில் சிவப்புக் கயிறு. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடினார்கள்.

"அது மலைப்பேச்சி," என்றாள் மாதிக்கா. "நெவ்வான்னு பேரு. ஓராயை அடிச்சுத் துரத்தினவ. அப்புறம் பின்னாலயே வந்து, அவரு கையில கட்டியிருந்த கயித்தக் கடிச்சு அறுத்து இழுத்துட்டுப் போகப் பாத்தா."

எங்கள் தாயை, எங்கள் அம்மாவை, வாசலில் நிறுத்திப் பிள்ளைகளை விட்டு நாக்கைத் துருத்தச் சொல்லியிருக்கிறார்கள். வாய்வரை வந்த வசவை முழுங்கினேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று இடறியது. நெவ்வா அருவியைத் தாண்டவில்லை என்றுதானே எங்களுக்குச் சொன்னார்கள்? இந்தச் சிலையில் இருப்பவள் வந்திருக்கிறாளே. எவளோ ஒருத்தி எனக்கு முன்னால் வந்திருக்கிறாள்.

"அறுத்தாளா? அப்புறம்?" என்றேன்.

"அறுத்தா. ஆனா அவரு போகல. அதனாலதான் எங்க சாமி."

அதற்குள் துறையில் கூச்சல் கேட்டது. மிதவைகள் வந்துவிட்டன. என் ஊர் வாழைமட்டைகள். ஜனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அள்ளியது. ஓராய் தன் கையால் அனுப்பிய பிரசாதம் என்று யூமெ உப்புப் போட மறந்த அடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்கள். கயிறுகளைப் பாயில் குவித்தார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஆண்கள் வரிசையாக வந்து குவியலில் ஆளுக்கு ஒன்றை எடுக்க, மாதிக்கா அதை அவர்கள் மணிக்கட்டில் கட்டினாள். கட்டும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "ஓராய் உன்னை இருக்கச் சொல்றாரு."

'வா' என்று நாங்கள் அனுப்பியதை 'இரு' என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கூந்தலிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி முறுக்கியது ராகோவை இழுத்து வரவில்லை, அங்கேயே கட்டிப் போட்டிருக்கிறது.

யூமெயின் கயிறு எங்கோ தீவிலிருந்து வந்த ஒரு உப்பு வியாபாரி கைக்குப் போனது. யூமெயின் ஆளைத் தேடினேன். அந்த வரிசையில் அவன் இல்லை. துறையிலும் கேட்டுப் பார்த்தேன், அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

என் ஆளை முதுகை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முதுகு நன்றாகத் தெரியும். வரிசையிலிருந்த எல்லோரும் எடுத்துப் போன பிறகும் அவன் பாய் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த கயிறுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை எடுப்பான், விரலால் தடவுவான், வைப்பான். மறுபடி அதையே எடுப்பான்.

பின்னால் போய் நின்றேன். "என்ன தேடற?"

அவன் திரும்பவில்லை. "ஒரு கயிறு. இந்தப் பக்கமா முறுக்காம அந்தப் பக்கமா முறுக்கினது. வருசா வருசம் வரும். நான் அதைத்தான் எடுத்துக்குவேன். இந்த வருசம் காணோம்."

"இந்த வருசம் அது நடந்து வந்துருச்சு," என்றேன்.

திரும்பினான். தாடியில் நரை. அந்த முகத்தை நான் எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தேன், எதிலும் நரை இல்லை. எழுந்திருக்கப் பார்த்துப் பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெவினு," என்றான். "நீ எப்படி… அருவியத் தாண்டி…"

"தாண்டினேன். அருவி ஒண்ணும் சொல்லல. நீ ஏன்யா வரல? கயித்துல கட்டினா மாடுகூட அறுத்துக்கிட்டு வீடு வந்து சேரும்."

சொன்னான். முதல் வருஷம் கட்டை விழுந்து கால் நசுங்கிப் படுத்திருக்கிறான். எழுந்து நடக்கும்போது திருவிழா வந்துவிட்டது, கயிறு கட்டிவிட்டார்கள். தானாக அறுந்து விழும்வரை போகக் கூடாது. அது அறுந்து விழுவதற்குள் அடுத்த வருஷம் வந்துவிடுகிறது.

"ஒவ்வொரு வருசமும் ஊருக்குப் போகணும்னு ஒரு படகு செதுக்குவேன். கயிறு வரும். சாமியே இருன்னு சொல்லுதுன்னு படகை எவனுக்காவது குடுத்துடுவேன். வேற கயிறா இருந்தா அறுத்துப் போட்டுட்டு ஓடியிருப்பேன் தெவினு. இந்த முறுக்குல என்னமோ நம்ம வீட்டு வாசனை. இதை மட்டும் அறுக்கத் தோணல."

கையை நீட்டினான். மணிக்கட்டிலிருந்து மேலே நாலு கயிறு, எல்லாம் என் இடக்கை முறுக்கு. பழையது வெளுத்து, புதியது சிவப்பாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அவுத்துடறேன்," என்று முடிச்சில் கை வைத்தேன். மாதிக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓராய் கட்டினதை ஓராய்தான் அவுக்கணும். நீ தொடக் கூடாது."

"இது நான் கட்டினதும்மா."

பாயில் மிஞ்சிக் கிடந்த கயிறொன்றைப் பிரித்து நாரை எடுத்து, தலையிலிருந்து நாலு முடியைப் பிடுங்கிச் சேர்த்து, அவள் கண்ணெதிரே முறுக்கி முடிச்சுப் போட்டேன். அவள் என் முடிச்சைப் பார்த்தாள், அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள், பிறகு துறை முழுக்க மற்ற ஆண்களின் கைகளைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகக் கட்டியிருப்பாள், பாவம்.

"அப்ப இதெல்லாமே…?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து முழு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மத்தது எனக்குத் தெரியாதும்மா. இந்த நாலும் என்னோடது."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

முடிச்சுகள் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து இறுகிப்போயிருந்தன. நகம் இறங்கவில்லை. குனிந்து பல்லால் கடித்தேன். முடி பிடுங்கியதில் என் கொண்டையும் அவிழ்ந்து கிடந்தது. ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. "மலைப்பேச்சி, மலைப்பேச்சி" என்று இன்னொன்று கத்தியது. ஜனம் பின்வாங்கியது. வாயில் கயிற்றோடு நிமிர்ந்தபோது எதிரே கோயில் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், என்னைப் போலவே பல்லைக் காட்டிக்கொண்டு. இளிப்பு என்று நினைத்தேனே, அது இளிப்பில்லை. முடிச்சு அவிழாதபோது எந்தப் பெண்ணுக்கும் வாய் அப்படித்தான் போகும்.

நாலாவது கயிறும் வந்துவிட்டது. ராகோவின் கை வெறுமையாக இருந்தது, கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய்.

துறையிலிருந்த எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும்: அவள் அறுத்தாள், அவன் போகவில்லை. எனக்கும் என் ஊர்க் கதை தெரியும்: அவன் திரும்பி வரவில்லை. இரண்டு ஊரும் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு, இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருந்தன. முன்னால் வந்தவளும் இப்படித்தான் வாயில் கயிற்றோடு நின்றிருப்பாள்.

"இனி ஓராய் பேச்சு இல்லப்பா," என்றாள் மாதிக்கா. "உன் பேச்சுதான்."

ராகோ தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே எழுந்தான். திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தான். மறுபடியும் முதுகு. நான் கூப்பிடவில்லை. நாலு வருஷம் கூப்பிட்ட லட்சணம்தான் தெரிந்துபோயிற்றே. படிக்கட்டில் உட்கார்ந்து என் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். வானத்தில் சின்ன நிலா வெளியே வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மேளம் அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான். தோளில் உளிப்பை, ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் கரிபிடித்த சோற்றுப்பானை.

"பானை எதுக்குய்யா? வீட்ல பானை இல்லியா?" என்றேன்.

"நல்ல பானை. விட்டுட்டு வர மனசில்ல," என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அவன் இந்த வருஷத்துப் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தபோது சோபெல் என்று ஒரு கிழவர் வந்து என் பக்கத்தில் நின்றார். துவேரிக்கு மேலே உள்ள பனூக் ஊர்க்காரர். கையில் வெளுத்துப்போன ஒரே ஒரு கயிறு, முனையில் நத்தை ஓடு கோத்தது. அந்த நத்தை ஓடு எனக்குத் தெரியும். பனூக்கின் அனெய் அக்கா எங்களோடு வந்துதான் கயிறு விடுவாள். ஓடு கோக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"ஓடு வச்சது மூணு வருசமா வரல," என்றார். "வேற கயிறு எடுத்துக்க மனசு வரல. இதுவும் விழமாட்டேங்குது. உன்னோடது நீ கட்டினதுன்னா, இது அவ கட்டினதுதானே? கோவமா இருக்காளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல பெரியவரே. அனெய் அக்கா போயிட்டாங்க. எடுத்துப் போட்டதுல நானும் இருந்தேன்."

அவர் நத்தை ஓட்டை விரலால் தடவினார். "அப்ப இதை அவுக்க ஆளில்ல."

"இல்ல."

"நல்லது," என்றார். அந்தக் கயிற்றை மற்றக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படகு புறப்பட்டது. ராகோ முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். நான் பின்னால் பானையோடு இருந்தேன். யூமெயிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கயிறு விடாதே என்று சொன்னால் அவள் கைக்கு அந்த ஒரு வேலையும் இல்லாமல் போகும்.

"கை வெறுங்கையா இருக்கு," என்றான் அவன். "அவுத்ததை எங்க போட்ட?"

"மடியில இருக்கு. ஆத்துல போட்டா கீழ எவனாவது எடுத்துக் கட்டிக்குவான்."

சிரித்தான். தோள் குலுங்கியது தெரிந்தது, முகம் தெரியவில்லை. கொஞ்ச தூரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். நாலு வருஷம் பார்த்தது போதும் என்று இருந்தது.

"யோவ், இந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

"திரும்பி உக்காந்தா துடுப்பு எப்படிப் போடறது? எதிர்த் தண்ணி."

"நான் போடறேன். குடு," என்றேன்.

துடுப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.